ஒரு கண்ணை மூடினால்தான் எழுத்து நிற்கிறது

கேள்வி: எனக்கு வயது 36. ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுவதும் கணினிதான். பிற்பகல் 3 மணிக்கு மேல் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதுபோல் தெரிகிறது, நெற்றி வலிக்கிறது. இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டால் உடனே தெளிந்துவிடுகிறது. பரிசோதனையில் இரண்டு கண்ணும் 6/6, குறையே இல்லை என்று சொல்லிச் சொட்டு மருந்து தந்தார்கள். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியும் வாங்கினேன், பயனில்லை. தினமும் இரண்டு மணி நேரம் ஒரு கண்ணில் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்யலாமா? மூடிய கண்ணில் பார்வை குறைந்துவிடுமா? என்னைப் பார்த்தோ என்னவோ, 6 வயது மகனும் எழுதும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்கிறான்.
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அன்புள்ள சகோதரி, ஒரு கண்ணை மூடினால் தெளிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். பரிசோதனையின்போது அதை மருத்துவரிடம் சொன்னீர்களா? பெரும்பாலோர் சொல்வதில்லை. "கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பரிசோதனை அறையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 6 மீட்டர் தொலைவில் எழுத்துப் பலகை. முதலில் ஒரு கண்ணை மறைத்தார்கள், வாசித்தீர்கள். பிறகு மற்றொன்றை மறைத்தார்கள், அதையும் வாசித்தீர்கள். ஒரு கண்ணை மூடினால் உங்களுக்குத் தொல்லையே இல்லையே! இரு கண்களும் சேர்ந்து, அரை மீட்டர் தொலைவில் மணிக்கணக்கில் உழைக்கும்போதுதான் உங்களுக்குச் சிக்கல் வருகிறது. அந்த நிலையை அங்கே யாரும் சோதிக்கவில்லை. 6/6 என்பது பொய்யில்லை. உங்கள் கேள்விக்கு அது விடையாகாது, அவ்வளவுதான்.

அருகில் உள்ளதைப் பார்க்க இரு கண்களும் மூக்கின் பக்கம் திரும்பியாக வேண்டும். கண்மணிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள திரைக்கு இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 6 டிகிரி உள்நோக்கித் திரும்ப வேண்டும். 25 சென்டிமீட்டரில் பிடிக்கும் கைப்பேசிக்கு ஏறத்தாழ 14 டிகிரி. இந்தத் திருப்பத்தைத் தசைகளால் நெடுநேரம் தாங்க முடியாதபோது ஒரு கண் லேசாக வெளிப்பக்கம் நழுவும். மூளைக்கு இரண்டு படங்கள் போய்ச் சேரும். அவற்றை ஒன்றாக்க எடுக்கும் பிரயாசைதான் நெற்றி வலி. ஒரு கண்ணை மூடியதும் இணைக்க வேண்டிய வேலையே இல்லாமல் போகிறது, அதனால்தான் அந்த நிம்மதி. மருத்துவச் சீட்டில் இதைக் கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி என்று எழுதுவார்கள். உங்களுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து முடிவு கட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அந்தத் திசையைத்தான் காட்டுகிறது.

வீட்டிலேயே சிலவற்றைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் ஏறும் நேரத்தில் இடது கண்ணுக்குப் பதிலாக வலது கண்ணை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் தெளிந்தால், சிக்கல் இரண்டின் ஒத்துழைப்பில் இருக்கிறது. இடதை மூடினால் மட்டும் தெளிந்து, இடது கண் தனியாகப் பார்க்கும்போதும் எழுத்துக்கு நிழல் விழுந்தால், அந்தக் கண்ணிலேயே கோளாறு. சிலிண்டர் பவர் (விழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாத குறை) இருக்கலாம், வறட்சி இருக்கலாம், புரையின் தொடக்கமாகவும் இருக்கலாம். அதேபோல் நாலைந்து முறை இமைத்தவுடன் தெளிந்தால் அது வறட்சியின் அடையாளம். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே சொட்டு மருந்து தந்தது தவறில்லை, அதோடு நிறுத்தியதுதான் போதாது.

இன்னொன்று, பேனா முனை. கை நீட்டிய தொலைவிலிருந்து மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் முனை இரண்டாகிறது? மூக்கிலிருந்து 10 சென்டிமீட்டருக்கும் அதிகத் தொலைவில் இருக்கும்போதே இரண்டாகிவிட்டால் அந்த அளவை எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காலையில் ஒரு முறை, வேலை முடிந்து வந்து ஒரு முறை பார்ப்பது நல்லது. களைத்த கண்ணில்தான் உண்மை தெரியும்.

மருத்துவமனையில், "இரு கண் ஒருங்கிணைப்பைச் சோதிக்க வேண்டும்" என்று கேளுங்கள். இதற்கென்றே உள்ள ஆர்த்தாப்டிக்ஸ் பிரிவு (இரு கண்களின் இணைப்பைச் சோதித்துப் பயிற்சி தரும் பிரிவு) இருக்கும் இடமானால் இன்னும் நல்லது. தயங்காமல் கேளுங்கள், இது அரிய நோயல்ல. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சென்னை சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், நகரமானாலும் கிராமமானாலும் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு இருகண் இணைப்பில் ஏதோ ஒரு குறை தெரியவந்தது.

குறை உறுதியானால் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையிலான 221 பேரிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், சிகிச்சையாளர் முன்னிலையில் 12 வாரம் பயிற்சி செய்தவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சிலை மட்டும் நகர்த்திப் பயிற்சி செய்தவர்களில் தேறியவர்கள் 43 சதவீதம். பெரியவர்களுக்கும் இதே வகைப் பயிற்சிகளைத் தருகிறோம், சிலருக்கு, ஒளியை வளைத்து இரு படங்களையும் ஒன்றுசேர்க்க உதவும் பிரிசம் கண்ணாடியும் தேவைப்படும். பயிற்சிக் கருவிகளில் ஒன்று மிக எளியது. ஒரு நூலில் மூன்று வண்ண மணிகள் கோத்து, ஒரு முனையைக் கதவுப் பிடியில் கட்டி, மறுமுனையை மூக்கின் நுனியில் பிடிப்பார்கள். நடு மணியைப் பார்த்தால் ஒரே நூல் இரண்டாகத் தெரிந்து, சரியாக அந்த மணியில் குறுக்கே வெட்ட வேண்டும். மணிக்கு அப்பால் வெட்டினால் கண்கள் போதிய அளவு திரும்பவில்லை. ஒரு நூல் மறைந்தே போனால், மூளை ஒரு கண்ணை ஒதுக்கிவிட்டது. நோயாளியே தன் கண்ணின் நடத்தையைத் தானே பார்க்க முடிகிற இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனிப் பட்டை. அவசரமாக ஒரு கோப்பை முடிக்கப் பத்து நிமிடம் ஒரு கண்ணை மறைத்தால் ஒன்றும் ஆகாது. உங்கள் வயதில் மூடிய கண் சோம்பேறிக் கண்ணாக மாறாது. ஆனால் தினம் இரண்டு மணி நேரம் என்ற வழக்கம் வேண்டாம். மறைந்து கிடக்கும் மாறுகண்ணை வெளிக்கொண்டுவர நாங்களே சில நேரம் ஒரு கண்ணை நெடுநேரம் மூடி வைத்துச் சோதிப்பதுண்டு. இணைப்பைத் தக்கவைக்கும் முயற்சி நின்றதும் கண் நழுவத் தொடங்கும். அதை நீங்களாக வரவழைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளங்கையால் விழியை அழுத்துவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். பட்டையோடு வண்டி ஓட்டவே கூடாது. ஒற்றைக் கண்ணில் தூரமும் ஆழமும் சரியாகப் பிடிபடாது.

நீல ஒளிக் கண்ணாடிக்கு இனிப் பணம் செலவிட வேண்டாம். 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2023-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வில், அது கண் களைப்பைக் குறைப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சிகிச்சை தொடங்கும்வரை திரையை ஒரு கை தூரத்துக்குத் தள்ளி வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 நொடி பாருங்கள். உணவு இடைவேளையில் கைப்பேசி வேண்டாம். உங்கள் கண்ணுக்கு அது ஓய்வல்ல, கூடுதல் வேலை.

திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு இமை இறங்கினாலோ, ஒரு கண்மணி மட்டும் பெரிதானாலோ, கடும் தலைவலி சேர்ந்தாலோ முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் இதில் இன்னும் கவனம் தேவை.

உங்கள் மகனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. உங்களைப் பார்த்துச் செய்வதாக விட்டுவிடாதீர்கள். 6 வயது என்பது பார்வை இன்னும் வளர்கிற வயது. இரு கண்களின் பவரில் ஏற்றத்தாழ்வோ மாறுகண்ணோ இருந்தால் சிகிச்சைக்கு ஏற்ற காலமும் இதுவே. வெயிலில் விளையாடும்போதும் ஒரு கண்ணை இறுக்கிக்கொள்கிறானா என்று பாருங்கள். அவ்வப்போது மட்டும் வெளிப்பக்கம் நழுவும் மாறுகண்ணில் அப்படிச் செய்வதுண்டு. உங்கள் பட்டையை அவன் கையில் தராதீர்கள், வளரும் கண்ணை விளையாட்டாக மூடி வைப்பது ஆபத்து. உங்கள் பரிசோதனைக்குப் போகும் அன்றே அவனையும் அழைத்துச் செல்லுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுத்தான் பவர் பார்ப்பார்கள், அதன் பிறகு புத்தக எழுத்து பல மணி நேரம் மங்கலாகவே தெரியும், வெயிலும் கூசும். ஆகவே மறுநாள் தேர்வு இல்லாத நாளாகப் பாருங்கள், ஒரு தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள்.