அம்பு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: தொற்றுநோய்க் காலத்தில் நோயாளிகளைப் புள்ளிகளாக வைத்து அம்புக்குறி போட்டு வரைகிறார்களே, எதற்கு?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: யாரிடமிருந்து யாருக்கு நோய் தொற்றியது என்பதைத்தான் அம்பு காட்டுகிறது. 2003-இல் பரவிய சார்ஸ் என்ற சுவாச நோய்க்கு வரைந்த அப்படியொரு வரைபடத்தைப் பாருங்கள். ஹாங்காங் மெட்ரோபோல் ஹோட்டல், ஒன்பதாவது மாடி, 911-ஆம் அறை. பிப்ரவரி 21 அன்று சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து வந்து தங்கிய மருத்துவர்தான் நடுப்புள்ளி. பெரும்பாலும் அதே மாடியில் தங்கியவர்கள் வழியாக ஹனோய், சிங்கப்பூர், டொராண்டோ என்று அம்புகள் பாய்கின்றன. ஊர்வாரிப் பட்டியலில் அந்த மாடி கண்ணில் படாது.

சுகாதார ஆய்வாளராக இருந்தபோது நானும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்ததுண்டு, பென்சிலால்தான். காய்ச்சல் கண்ட தேதியை நோயாளியின் மனைவி திருத்திச் சொன்னால் அம்பு திசை மாறிவிடும். எந்தப் புள்ளிக்கு அம்பே வந்து சேரவில்லையோ, மறுநாள் காலை அந்த வீட்டுக்குத்தான் முதலில் சைக்கிளை மிதிப்பேன்.