சேற்றுக்கு ஜிம்னியா, ராக்ஸா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எட்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. வீட்டிலிருந்து வயல் ஆறு கிலோமீட்டர். அதில் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் வாய்க்கால் கரை. ஐப்பசி தொடங்கினால் தை வரை சேறுதான். மாதம் இரண்டு தடவை தஞ்சாவூர், திருச்சி போய்வர வேண்டும். நான், மனைவி, பத்து வயது மகன், முழங்கால் வலி உள்ள அம்மா என நாலு பேர். மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் ராக்ஸ் டீசல் ஃபோர் வீல், இரண்டில் எதை எடுப்பது?
- திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்கு ஜிம்னி, அதுவும் மேனுவல் கியர். விலையில் லட்சக்கணக்கில் மிச்சமாகும் என்பது இரண்டாம்பட்சம். முதல் காரணம் உங்கள் மண்.

இந்த வண்டிகளைப் பற்றிய விளம்பரங்களில் முன்கோணம், பின்கோணம் என்று டிகிரிக் கணக்கு நிறைய வரும். அதெல்லாம் பாறையும் மலையும் ஏறுகிறவர்களுக்கு. டெல்டாவில் கோணம் குறுக்கிடுகிற இடம் ஒன்றுதான்: களத்திலிருந்து கரைமேல் ஏறும்போதும் மதகு மேட்டைத் தாண்டும்போதும் வண்டியின் நடுவயிறு தட்டுமா என்பது. அந்த நடுக்கோணம் ஜிம்னிக்கு 24 டிகிரி, ராக்ஸுக்கு 23.9. ராக்ஸின் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) 2,850 மி.மீ., ஜிம்னிக்கு 2,590 மி.மீ. நீளத்தில் ராக்ஸ் இழந்ததை அதன் பெரிய டயர் ஈடு கட்டிவிடுகிறது. ஆகவே இந்தக் கணக்கை மறந்துவிடலாம்.

வித்தியாசம் எடையில். கோடைமழை பெய்தால் மேலே நாலு விரல் மண் குழையும், அடியில் கெட்டியாக இருக்கும். டயர் அந்தக் கெட்டியைப் பிடித்துக்கொண்டு போய்விடும். கார்த்திகையில் தண்ணீர் நின்று ஊறிய களிக்கு அடியில் கெட்டி என்று ஒன்று கிடையாது. அங்கே எத்தனை குதிரைசக்தி என்பதைவிட எத்தனை கிலோ என்பதே பேச்சு. ஜிம்னி 1,200 கிலோ அளவில் நிற்கிறது. ராக்ஸ் ஃபோர் வீல் இரண்டு டன்னை ஒட்டி வரும். அதன் டீசல் இன்ஜின் தரும் 300 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட இழுவை நல்ல ரோட்டில் வரம். உளையில் கால் கொஞ்சம் அழுத்தமாகப் பட்டாலும் சக்கரம் சுற்றிக் குழி பறிக்கும். பதிந்த ஜிம்னியை நாலு பேர் தள்ளி, இரண்டு தென்னமட்டை போட்டு எடுத்துவிடலாம். ராக்ஸ் பதிந்தால் டிராக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது அகலம். ஜிம்னி 1,645 மி.மீ., ராக்ஸ் 1,870 மி.மீ. கரையின் தலை எட்டடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டநடுவே ஓட்டினால் ஜிம்னிக்கு இரண்டு பக்கமும் 40 செ.மீ. மிஞ்சும், ராக்ஸுக்கு 28 செ.மீ. கரையின் ஓரம் எப்போதும் நடுவைவிடப் பலவீனம். நண்டு வளையும் எலி வளையும் அங்கேதான் இருக்கும், மழையில் அவற்றில் தண்ணீர் இறங்கி உள்ளே கூடாகிவிடும். மேலே புல் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் ஏறியதும் மண் சரிந்து வண்டி வாய்க்கால் பக்கம் சாயும். முடிவெடுக்கும் முன் உங்கள் கரையில் மிகக் குறுகலான மூன்று இடங்களை டேப் வைத்து அளந்துவிடுங்கள். எட்டடிக்குக் குறைவு என்றால் ராக்ஸை யோசிக்கவே வேண்டாம். எதிரே நெல் ஏற்றிய டிராக்டர் வந்தால் பின்னால் போக வேண்டியது நீங்கள்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தினசரி ஆறு கிலோமீட்டர் ஓட்டம் டீசலுக்கு ஆகாது. பி.எஸ்.6 புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப் வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஒரே சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிடமாவது ஓட வேண்டும். வயலுக்குப் போய் இன்ஜினை அணைத்து, மறுபடி எடுத்து வீடு திரும்பும் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. சுத்திகரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக் கம்பியில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும். மாதம் இரண்டு திருச்சிப் பயணம் ஓரளவு காப்பாற்றும் என்றாலும், அதை நம்பி டீசல் வாங்குவது சரியில்லை.

அம்மாவுக்கும் ஜிம்னி ஏறி இறங்கச் சுலபம். ராக்ஸ் எடுத்தால் பக்கப்படி கட்டாயம் போட வேண்டும். அது கரைமேட்டில் முதலில் தட்டும்.

ஜிம்னியின் குறைகளையும் சொல்லிவிடுகிறோம். அது நாலு பேர் வண்டி, ஐந்தாவது ஆளுக்கு பெல்ட்கூடக் கிடையாது. பின்சீட்டை மடக்காமல் டிக்கி 208 லிட்டர்தான். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. உங்கள் நாலு பேரும் 230 கிலோ என்றால் மிச்சம் நூறு கிலோ சொச்சம், அதாவது 45 கிலோ யூரியா மூட்டை இரண்டு. 134 நியூட்டன் மீட்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர். திருச்சி நாலுவழிச் சாலையில் நூறுக்கு மேல் இரைச்சல் கூடும். இருவழிச் சாலையில் பஸ்ஸை முந்த ஐந்திலிருந்து மூன்றாவது கியருக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

வெளியூர் ஓட்டம் மாதம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டரைத் தாண்டும் என்றாலோ, ஐந்தாவதாக ஒருவர் வழக்கமாக வருவார் என்றாலோ ராக்ஸ் பக்கம் போங்கள். அப்போது ஒன்றில் ஏமாறக் கூடாது: ராக்ஸில் ஃபோர் வீல் டீசலில் மட்டும்தான். பெட்ரோல் ராக்ஸ் பின்சக்கர இழுவை வண்டி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், சேற்றில் இருக்காது.

கேள்வி: ஜிம்னி வைத்திருக்கிறேன். வயலோரம் உளையில் மாட்டியது. ஃபோர் வீல் போட்டும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரம்தான் சுற்றுகிறது. வண்டியில் கோளாறா?
- மன்னார்குடி வாசகர்

பதில்: கோளாறு இல்லை. ஃபோர் வீல் போட்டால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவை போகும். ஆனால் ஒவ்வொரு அச்சின் நடுவிலும் உள்ள டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே சுழற்சியை அனுப்பும். ஜிம்னியில் டிஃப் லாக் (ஒரே அச்சின் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டுவது) கிடையாது. அதற்குப் பதிலாக, சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி, எதிர்ச் சக்கரத்துக்கு இழுவையைத் தள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அது வேலைசெய்ய ஒன்றிரண்டு விநாடி ஆகும். அடியில் கட கட என்று சத்தம் வரும். பலர் அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுகிறார்கள். விட்டதும் பிரேக்கும் விட்டுவிடும், சக்கரம் மறுபடி சும்மா சுற்றும்.

வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்து 4எல் (நாலு சக்கர இழுவை, மெதுவேகக் கியர்) போடுங்கள். (2ஹெச் என்ற இரண்டு சக்கர இழுவையிலிருந்து 4ஹெச் என்ற சாதாரண வேக நாலு சக்கர இழுவைக்கு ஓடும்போதே மாற்றலாம், 4எல்லுக்கு நின்றுதான் மாற்ற வேண்டும்.) 4ஹெச்சில் சக்கரம் வழுக்கினால் இன்ஜின் சக்தியையும் மின்னணு ஏற்பாடு வெட்டிவிடும், 4எல்லில் அந்த வெட்டு இருக்காது. இரண்டாவது கியர், ஸ்டீயரிங் நேராக, ஆக்ஸிலரேட்டரை 2,000 சுற்று அளவில் அசையாமல் பிடியுங்கள். மூன்று விநாடியில் வண்டி நகரவில்லையா, நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் அச்சு மண்ணில் உட்காரும், பிறகு எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

நான்கு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாக மண்ணை வெட்டி எடுங்கள். டயரில் அப்பிய களியை மம்பட்டியால் சுரண்டுங்கள். பட்டன் இடைவெளி அடைத்திருந்தால் எந்த டயரும் வழவழப்பான உருளைதான். தென்னமட்டையின் அடிப்பகுதி டயருக்குக் கீழே போகும்படி செருகி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். முன்னால் போகும் வழி தெரியாது, பின்னால் உள்ள தடம் ஏற்கனவே வண்டியைத் தாங்கியது.

டிராக்டர் வந்தால் சங்கிலி வேண்டாம். அறுந்தால் சங்கிலி திரும்பி வந்து கண்ணாடியை மட்டுமல்ல, ஆளையும் அடிக்கும். அகலப் பட்டை கயிறு போடுங்கள், வண்டியின் இழுகொக்கியில் மட்டும் மாட்டுங்கள். அச்சிலோ பம்பரிலோ கட்டக் கூடாது. கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டால் அறுந்தாலும் வேகம் தணியும். கயிற்றின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் வேடிக்கை பார்ப்பவர் யாரும் நிற்க வேண்டாம். நம் ஊரில் இதுதான் கஷ்டமான காரியம்.

தார் ரோட்டில் ஏறியதும் 2ஹெச்சுக்கு வந்துவிடுங்கள். காய்ந்த ரோட்டில் 4ஹெச் போட்டபடி திருப்பினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கியர்ப்பெட்டி முறுக்கேறும்.

கேள்வி: உப்பளத்துக்குப் போய்வரும் மஹிந்திரா தார் வண்டி. இரண்டு வருடத்தில் அடிப்பாகம் துருப்பிடித்துவிட்டது. அண்டர்கோட்டிங் (அடிப்பாகத்துக்கான பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் போதுமா?
- வேதாரண்யம் வாசகர்

பதில்: துருவின் மேல் அடித்தால் கெடுதல்தான். தார்ப்பூச்சுக்குள் உப்பும் ஈரமும் அடைபட்டு, வெளியே தெரியாமல் உள்ளே தின்னும். முதலில் கம்பி பிரஷால் தேய்த்து, துருமாற்றி பிரைமர் பூசி, இரண்டு நாள் காய்ந்த பிறகுதான் பூச்சு. சேஸிஸ் சட்டத்தின் உள்கூட்டுக்கு வெளிப்பூச்சு எட்டாது. துளைகள் வழியே நீளக் குழாய் விட்டு மெழுகு வகைப் பூச்சைத் தெளிக்கச் சொல்லுங்கள். சைலன்ஸர், பிரேக் டிஸ்க், ரப்பர் புஷ், சேஸிஸின் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இவற்றில் பூச்சு படவே கூடாது. ஓட்டையை அடைத்துவிட்டுப் போகும் கடைகள் உண்டு. பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

பூச்சைவிட முக்கியம் கழுவுவது. உப்பளம் போன அன்றே நல்ல தண்ணீரால் அடியில் பீய்ச்ச வேண்டும். போர் தண்ணீர் வாயில் வைத்து உப்புக் கரித்தால் அதில் கழுவிப் பயனில்லை. சக்கர வளைவின் உள்மடிப்பு, பின் பம்பரின் உள்பக்கம், சேஸிஸ் மேல்தட்டு, இந்த மூன்றில்தான் உப்புச் சேறு தங்கும். கழுவிய பின் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்துவிட்டு நிறுத்துங்கள், டிஸ்க் காயும்.

சதுப்பின் மேல் வெள்ளைப் பொருக்கு கட்டி, காய்ந்த தரைபோலத் தெரியும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். பொருக்குக்கு அடியில் கறுப்புச் சேறு. கோடியக்கரை சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதித்த பாதையை விட்டு இறங்கவே கூடாது.

கேள்வி: ரோட்டில் உளுந்துச் செடியும் வைக்கோலும் பரப்பியிருக்கிறார்கள். அதன் மேல் ஓட்டலாமா?
- மயிலாடுதுறை வாசகர்

பதில்: கூடுமானவரை சுற்றிப்போங்கள். எஸ்.யு.வி. உயரம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். செடி, அச்சுக்குச் சுழற்சி கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு சைலன்ஸரைத் தொட்டால் பற்றிவிடும். டீசல் வண்டியில் டி.பி.எஃப் சுத்திகரிப்பு நடக்கும் நேரத்தில் புகைபோக்கி 600 டிகிரி வரை சூடாகும். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள். சுற்றியிருந்தால் அரிவாளால் அறுத்து எடுங்கள், கையால் இழுக்க வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் மேல் வண்டியை நிறுத்துவதும் இதே ஆபத்துதான். இரண்டு கிலோ தீயணைப்பான் ஒன்றைச் சீட்டுக்கடியில் வையுங்கள்.

கேள்வி: ஜிம்னிக்கு மழைக்காலத்துக்கு என்ன டயர்?
- ஒரத்தநாடு வாசகர்

பதில்: கம்பெனி அளவு 195/80 ஆர்15. அதற்குப் பதிலாக ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான 215/75 ஆர்15 ஆல்-டெரெய்ன் போடலாம். விட்டம் பத்து மி.மீ. மட்டுமே கூடும். சேற்றுக்கென்றே வரும் மட்-டெரெய்ன் டயர் களியை நன்றாக உதறும். ஆனால் ஈரத் தார் ரோட்டில் பிரேக் தூரம் நீளும், இரைச்சல் தாங்காது. உங்கள் பக்கம் செம்மண் கலந்த மண், ஆல்-டெரெய்னே போதும்.

கேள்வி: ரோட்டின் குறுக்கே வெள்ளம் ஓடும்போது எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம்?
- நாகப்பட்டினம் வாசகர்

பதில்: ராக்ஸுக்கு மஹிந்திரா சொல்லும் அளவு 650 மி.மீ. அது நிற்கும் தண்ணீருக்கு. ஜிம்னியைச் சக்கரத்தின் நடுப்புள்ளிக்கு மேல், அதாவது ஓரடிக்கு மேல், இறக்க வேண்டாம். தண்ணீர் ஓடுகிறது என்றால் எந்த வண்டிக்கும் முழங்காலுக்குக் கீழேதான். ரோட்டின் ஓரம் அரித்துப் போயிருக்கும், அது மேலிருந்து தெரியாது. இறங்கினால் முதல் கியரில் ஒரே சீராக, நடைவேகத்தில். நடுவில் கியர் மாற்ற வேண்டாம். இன்ஜின் தண்ணீரில் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், நனைந்திருந்தால் மெக்கானிக்தான். ஆழத் தண்ணீரில் போய்வந்த ஒரு வாரத்துக்குள் இரண்டு அச்சின் ஆயிலையும் சொட்டு எடுத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றிவிடுங்கள்.