பாம்படத்தை விடுங்கள், மேசையைப் பாருங்கள்

அண்ணாச்சி, பாளையங்கோட்டை ஸ்டுடியோவில் எடுத்த உங்கள் பழைய குடும்பப் படம் எந்த வருடத்தது என்று கேட்டிருந்தீர்கள். பூட்டியின் காதில் பாம்படம் என்ற கனத்த காதணி தொங்குவதை வைத்து அதை 1930களுக்குக் கொண்டுபோக வேண்டாம். நம் பக்கத்துக் கிழவிகள் பலர் பாம்படத்தைக் கடைசிவரை கழற்றவில்லை, ரவிக்கையும் போடவில்லை. 1980களின் வண்ணப் படங்களிலும் அப்படியேதான் இருக்கிறார்கள். உடையை வைத்துக் கணிப்பதென்றால் கூட்டத்தில் இளையவர்களைப் பார்க்க வேண்டும். பின்னால் தொங்கும் அரண்மனைப் படுதாவும் உதவாது. கிழிகிறவரை அதைத்தான் மாட்டுவார்கள். தாத்தாவின் கோட்டு ஸ்டுடியோ இரவலாக இருக்கும். தோளில் எப்படித் தொளதொளவென்று நிற்கிறது, பாருங்கள்.

துப்பு மேசைமேல் இருக்கிறது. தோல் உறை போட்ட அந்தச் சின்னப் பெட்டி டிரான்சிஸ்டர் ரேடியோ. அமெரிக்காவிலேயே அது 1954இல்தான் விற்பனைக்கு வந்தது. நம்மூர் ஸ்டுடியோவுக்கு வர இன்னும் சில வருடங்கள் பிடித்திருக்கும். படத்தின் பின்பக்கம் குத்தியிருக்கும் ஸ்டுடியோ முத்திரையில் 'மதராஸ் ஸ்டேட்' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1950க்கு முன் அது மாகாணம். 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆகிவிட்டது. பழைய முத்திரையை ஓரிரு வருடம் கூடுதலாகக் குத்தியிருந்தாலும், 1972இல் வந்த பின்கோடு அதில் இல்லை. ஆக, 1950களின் கடைசியிலிருந்து 1970 வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்குமேல் சுருக்க, ஆச்சி மடியில் இருக்கும் குழந்தை யாரென்று வீட்டில் கேளுங்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள், அந்தக் காலத்தில் பாதி ஊர் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கும். ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள்.