பழைய 5 சீரிஸ் வாங்கியாயிற்று, முதலில் எதில் கை வைப்பது?

கேள்வி: 2014 மாடல் பிஎம்டபிள்யூ 535ஐ பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். ஓடியது 92,000 கி.மீ. முதல் ஐந்து வருட சர்வீஸ் பதிவு இருக்கிறது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியவில்லை. கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்கிறார் விற்றவர். இத்தனை ஓடிய பிறகு மாற்றினால்தான் கியர்பாக்ஸ் போகும் என்று ஒரு மெக்கானிக் பயமுறுத்துகிறார். சிக்னலில் நிற்கும்போது காருக்குள் லேசாக எண்ணெய் தீயும் வாடை வருகிறது. பேட்டரி இறங்குகிறது என்று திரையில் அவ்வப்போது எச்சரிக்கையும் வருகிறது. எங்கே தொடங்குவது? கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: வருடம் ஆக ஆக காரின் விலை இறங்கிவிடும், அதன் பாகங்களின் விலை இறங்காது. பழைய சொகுசுக் கார் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். அதிலும் செலவு செய்யும் வரிசை தப்பும்போதுதான் அடி பலமாக விழும். பாலிஷ், புது வீல், ஸ்பீக்கர் என்று ஆரம்பித்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய ஒரு கசிவை விட்டுவிடுவார்கள். நீங்கள் கியர்பாக்ஸைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அந்த வாடைதான் உறுத்துகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த வாடை

உங்கள் காரில் இருப்பது என்55 என்ற ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின். நல்ல இன்ஜின். ஆனால் வயதாகும்போது இரண்டு இடங்களில் எண்ணெய் கசிய விடும். ஒன்று, இன்ஜினின் தலையில் இருக்கும் வால்வ் கவர். இது பிளாஸ்டிக். சூட்டில் கிடந்து கிடந்து கவரும் வளையலாம், அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் இறுகிப் போகும். கசியும் எண்ணெய் பக்கத்திலிருக்கும் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் சொட்டிப் புகையும். ஓடும்போது காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். நிற்கும்போது புகை நேரே மேலே எழும். ஏசி வெளிக்காற்றை இழுக்கும் வாய் பானெட்டின் பின் ஓரத்தில்தான் இருக்கிறது, அதனால் வாடை நேராக உங்கள் மூக்குக்கு வருகிறது. ஏசியை உள்காற்று சுழற்சியில் போட்டால் வாடை நின்றுவிடும். கார் வாங்கப் போகும்போது அந்தப் பொத்தான் ஏற்கெனவே அமுக்கப்பட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது இடம் ஆயில் ஃபில்டர் ஹவுசிங், அதாவது ஃபில்டர் உட்காரும் கூடு. அது இன்ஜினோடு சேரும் இடத்தில் சிறிய ரப்பர் கேஸ்கெட் ஒன்று உண்டு. கையில் எடுத்துப் பார்த்தால் இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். அது கசிந்தால் எண்ணெய் நேராகக் கீழே ஓடும் பெல்ட்டில் சொட்டும். எண்ணெயில் ஊறிய பெல்ட் வழுக்கிக் கழன்று, கிராங்க் புல்லியின் பின்னால் சிக்கிக்கொள்ளும். அங்கிருந்து முன் ஆயில் சீலைத் துளைத்துக்கொண்டு துண்டு துண்டாக இன்ஜினுக்குள்ளேயே இழுபடுவதும் உண்டு. அந்த ரப்பர் துணுக்குகள் ஆயில் பம்ப்பின் உறிஞ்சு குழாயை அடைத்தால் இன்ஜின் கதை முடிந்தது. பிஎம்டபிள்யூவின் இந்தக் குடும்பத்து ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் இது அறியப்பட்ட விபத்து.

எனவே இந்த வாரமே பானெட்டைத் திறந்து, ஹவுசிங்கின் அடிப்பகுதியில் டார்ச் அடியுங்கள். ஈரமும் தூசியும் சேர்ந்த கறுப்புப் பிசுக்கு இருந்தால் கேஸ்கெட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பெல்ட்டின் ஓரம் பளபளத்தால் பெல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். எங்கிருந்து வருகிறது என்று புரியாத அளவுக்கு எல்லாமே எண்ணெயாக இருந்தால், நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு சில நாள் ஓட்டி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலே வால்வ் கவரை மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கவருக்குள்ளேயே இன்ஜின் மூச்சுவிடும் வால்வும் சேர்ந்திருப்பதால் விலை கூடுதல். கேஸ்கெட் மட்டும் போதுமா, முழுக் கவருமே வேண்டுமா என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேட்டரி எச்சரிக்கை

இந்த மாடலில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அதன் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்து, எவ்வளவு கரன்ட் போகிறது வருகிறது என்று கணக்கெழுதிக்கொண்டே இருக்கும். பேட்டரி பழையதாக ஆக அதற்கேற்றபடி கார் சார்ஜ் செய்யும் விதத்தை மாற்றிக்கொள்ளும். அதனால்தான் புது பேட்டரி போட்டால் ஸ்கேன் கருவி மூலம் காருக்குப் பதிவு செய்து காட்ட வேண்டும். செய்யாவிட்டால், உள்ளே இருப்பது இன்னும் கிழட்டு பேட்டரி என்றே நினைத்து கார் அதை நடத்தும். புதியது சீக்கிரம் கெடும். ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பஞ்சில் தேக்கி வைக்கும்) பேட்டரியை எடுத்துவிட்டுச் சாதாரண பேட்டரி போட்டிருந்தாலோ, ஆம்பியர் அளவு மாறியிருந்தாலோ பதிவு மட்டும் போதாது, அந்த வகையையும் அளவையும் கோடிங்கில், அதாவது காரின் கம்ப்யூட்டர் அமைப்புகளில், மாற்ற வேண்டும்.

பேட்டரி மேல் போட்ட தேதியைப் பாருங்கள். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் ஆராய்ச்சி வேண்டாம், மாற்றிவிடுங்கள். புதிதாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், பதிவு செய்யாமல் விட்டிருக்கலாம், அல்லது முந்தைய உரிமையாளர் மாட்டிய டேஷ்கேமோ ஜிபிஎஸ் கருவியோ இரவெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். பூட்டிவிட்டுப் போன பிறகு காரின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க வேண்டும். எல்லாம் அடங்கியபின் கரன்ட் இழுப்பு சில பத்து மில்லியாம்பியருக்குள் நிற்க வேண்டும். வெளியில் வாங்கி மாட்டியதை எல்லாம் முதலில் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

இந்த வேலையை, கருவி வைத்துக் கோளாறு பார்க்கும் ஸ்கேனுக்கு முன்னால் முடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் இந்தக் காரின் கம்ப்யூட்டர்கள் ஆளுக்கொரு புகார் எழுதி வைக்கும். அதை நம்பி நல்ல பாகங்களைக் கழற்றி எறிந்தவர்கள் நிறைய. பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, பழைய ஃபால்ட் கோடுகளை (அந்தப் புகார்களின் குறியீடுகளை) குறித்து வைத்துக்கொண்டு அழித்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி படியுங்கள். திரும்பி வருவதுதான் உண்மையான கோளாறு. இதற்குக் கைக்கடக்கமான மலிவு ஸ்கேனர் போதாது, அது பெரும்பாலும் இன்ஜினைத் தாண்டாது. பிஎம்டபிள்யூவின் இஸ்டா போல எல்லா கம்ப்யூட்டர்களையும் படிக்கும் கருவி வேண்டும். இன்னொரு லாபமும் இருக்கிறது. கோடு எந்த கி.மீ.யில் பதிவானது என்று பக்கத்திலேயே காட்டும். மீட்டர் 92,000 என்று சொல்லும் காரில் 1,30,000-இல் ஒரு கோடு பதிவாகியிருந்தால், அதற்கு மேல் உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கியர்பாக்ஸ் ஆயில்

விற்றவர் சொன்னது அவர் கற்பனை இல்லை, கார் கம்பெனியே அப்படித்தான் சொல்லிவந்தது. ஆனால் இந்த எட்டு கியர் பெட்டியைச் செய்தது இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனம். தங்கள் ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது அவர்கள்தான். பெட்டியைச் செய்தவன் பேச்சைக் கேட்பேன் நான். உங்கள் கார் கி.மீ.யிலும் வயதிலும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. மாற்றிய பதிவு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

மெக்கானிக்கின் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. கியர் வழுக்குகிறது, உதைக்கிறது என்ற நிலை வந்தபிறகுதான் பலர் ஆயில் மாற்ற ஓடுவார்கள். உள்ளே கிளட்ச் தேய்ந்துபோயிருந்தால் புது ஆயிலால் அதைக் காப்பாற்ற முடியாது. பெட்டி விழும், பழி ஆயில் மேல் விழும். உங்கள் கியர்பாக்ஸ் இப்போது சீராக மாறுகிறதென்றால் தயங்க வேண்டாம். ஏற்கெனவே வழுக்கல் இருந்தால் ஆயிலுக்கு முன் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வேலை செய்யும் முறையில்தான் பலர் சொதப்புகிறார்கள். இந்தப் பெட்டியின் அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதிலேயே ஒட்டிப் பிறந்தது. எனவே தட்டு, ஃபில்டர், போல்ட் எல்லாம் ஒரே கிட்டாக வரும். ஆயில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, பக்கவாட்டுத் துளையிலிருந்து மெல்லிய இழையாக வழியும் வரை ஊற்ற வேண்டும். அதாவது கார் லிஃப்டில் சமமாக நிற்க வேண்டும், சூட்டைக் காட்டும் கருவி இணைந்திருக்க வேண்டும். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவு ஊற்றினால் சரி என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மெஷினால் அழுத்திக் கழுவும் ஃபிளஷ் உங்களுக்குத் தேவையில்லை.

கேட்காமல் விட்ட ஒன்று

வாட்டர் பம்ப். இந்த இன்ஜினில் அது பெல்ட்டில் ஓடாது, தனி மின்மோட்டார். 1,00,000 கி.மீ.யை ஒட்டி இது போவது சகஜம். போகும்போது முன்கூட்டிச் சொட்டியோ சத்தம் போட்டோ சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. திடீரென இன்ஜின் சூடு எச்சரிக்கை வரும், சக்தி குறையும். அந்த நேரத்தில் பக்கத்துத் தெரு வரை உருட்டிப் போய்விடலாம் என்று நினைத்தால் சிலிண்டர் ஹெட்டே வளைந்துபோகலாம். ஓரம் கட்டி அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

பதிவே இல்லாத காரில் இதை நான், சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து முன்கூட்டியே மாற்றச் சொல்வேன். இரண்டுக்கும் கழற்றும் வேலை ஒன்றுதான். புது கூலன்ட் ஊற்றியபின் காற்றை வெளியேற்றவும் தனி முறை உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை உச்ச சூட்டிலும் ஃபேனைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்ஸிலரேட்டரைப் பத்து விநாடி முழுக்க மிதித்தால், பம்ப் தானாகவே பன்னிரண்டு நிமிடம் ஓடிக் காற்றைத் தள்ளும். அதுவரை பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். இது தெரியாத ஒர்க்ஷாப்பில் உள்ளே காற்று தங்கி, புது பம்ப்பும் வீணாகும்.

யாரிடம் விடுவது

கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் ஒருமுறை அங்கே போய் 17 எழுத்து சேசிஸ் நம்பரைக் கொடுத்து, பாக்கி ரீகால் (குறையுள்ள பாகத்தைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில் குறை கண்ட விவகாரத்தில் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி மூன்றுமே சிக்கின. ரீகால் வேலைக்குப் பணம் வாங்க மாட்டார்கள். கணினியில் இருக்கும் பழைய சர்வீஸ் பதிவையும் கேட்டுப் பாருங்கள்.

மற்ற வேலைகளுக்கு இந்தக் கார்களையே பார்க்கும் வெளி ஒர்க்ஷாப் போதும். நல்லவரா என்று பார்க்க இரண்டு கேள்வி போதும்: பேட்டரி மாற்றியதும் என்ன செய்வீர்கள்? கியர்பாக்ஸ் ஆயில் அளவை எப்படிப் பார்ப்பீர்கள்? மேலே சொன்னதற்குப் பக்கத்தில்கூடப் பதில் வராவிட்டால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

பாகங்களில் கார் கம்பெனி பெட்டியில் வருவதும், அதைச் செய்துகொடுத்த மாலே, லெம்ஃபார்டர், ஏடிஇ போன்றவர்கள் சொந்தப் பெட்டியில் விற்பதும் பல நேரம் ஒரே பொருள்தான். சில சஸ்பென்ஷன் பாகங்களில் கார் கம்பெனி முத்திரை இருந்த இடத்தை மட்டும் அரம் போட்டு அழித்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதை தைரியமாக வாங்கலாம். பெயர் தெரியாத மலிவுச் சரக்கைத் தொடாதீர்கள்.

இன்ஜின் ஆயிலுக்கு, டப்பாவின் பின்பக்கம் பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01 ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். 'இதற்கு ஏற்றது' என்று எழுதியிருப்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது. 6.5 லிட்டர் பிடிக்கும். திரை 25,000 கி.மீ. வரை போகலாம் என்று காட்டினாலும் நான் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அதைத்தான் சொல்வேன். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம்.

டயர் ஓரத்தில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல் வரிகள்) நன்றாக இருந்தாலும் வயதான டயரை நம்ப வேண்டாம். சன்ரூஃப் இருந்தால் அதன் நீர் வடியும் குழாய்கள் அடைத்திருக்கிறதா என்றும், கால்மிதிக்கு அடியில் கார்பெட் ஈரமாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். ஈரம் கம்ப்யூட்டர்களைத் தின்றுவிடும்.

இதே கேள்வியோடு ஏர் சஸ்பென்ஷன் உள்ள மெர்சிடிஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரவு நிறுத்தும்போது நான்கு சக்கரத்துக்கு மேலும் உயரத்தை அளந்து வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி அளந்து ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கே கசிவு. அதை அடைக்காமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால், ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும்.

இப்போதைக்குத் தொட வேண்டாதவை: வால்வ் கார்பன் சுத்தம், பவர் கூட்டும் ரீமேப், இன்ஜெக்டர். அறிகுறி இல்லாமல் இவற்றில் பணம் போடாதீர்கள். ஸ்பார்க் பிளக் மட்டும் மாற்றும் கி.மீ. நெருங்கிவிட்டது, மாற்றிவிடலாம். கூடவே ஆறு இக்னிஷன் காயிலையும் மாற்றச் சொல்வார்கள். இன்ஜின் தவறி அடிக்காத வரை வேண்டாம். அப்படி அடித்தாலும், சந்தேகப்படும் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் அந்த ஒரு காயில்தான் போயிருக்கிறது.