செட்டிநாட்டு வீடு வாங்குகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள்: கேள்வி-பதில்

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் பங்காளி ஒருவர் தன் பங்கை மட்டும் விற்கிறார். விலை குறைவு என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டும். பாகம் பிரிக்காத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அங்கே குடியேற அவருக்கு உரிமை இல்லை. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவைப் படியுங்கள். பாகப்பிரிவினை வழக்குத்தான் உங்களுக்கு மிஞ்சும். மேற்கொண்டு பணம் கொடுக்காதீர்கள். இன்றே வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: தேவகோட்டையில் தாத்தா கட்டிய வீடு. சுவர் பொரிந்ததால் கான்ட்ராக்டர் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினார். இனி ஆயுசுக்கும் கவலையில்லை என்றார். இரண்டாவது மழைக்காலத்திலேயே இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்துப் பாளம் பாளமாக விழுகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வேலை தெரியாதவர் தெரிந்த மாதிரி பேசியிருக்கிறார். ஊர் ஊராக இதே கொடுமைதான் நடக்கிறது, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்க அடியில் எதுவும் கிடையாது. ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே காற்றில் போய்விடும். அதன் மேல் சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளே அடைபடும். அதிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் பொரிந்து, சிமெண்டைத் தள்ளும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். விழுந்த பாளத்தைத் திருப்பிப் பாருங்கள், செங்கல் பொடி ஒட்டியிருக்கும். மிச்ச சிமெண்டையும் பக்குவமாக எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பே பூச வேண்டும்.

ஆள் பிடிக்கும்போது சுண்ணாம்பு ஊறும் தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள். நீற்றிய சுண்ணாம்பு ஊற ஊறத்தான் வெண்ணெய்ப் பதம் வரும். கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று ஒவ்வொன்றுக்கும் அளவு சொல்லத் தெரிய வேண்டும். அந்தப் பளபளப்பு வருவது, ஈரம் காய்வதற்குள் கல்லால் திரும்பத் திரும்பத் தேய்ப்பதால். ஒயிட் சிமெண்டும் பட்டியும் போட்டு ‘செட்டிநாடு பூச்சு’ என்று விற்கிறார்களே, அது பச்சை ஏமாற்று.

பணத்துக்கு வருவோம். ரசீது, போட்டோ, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். வழி கேட்க 1915-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடி கல் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவினோம். நிறம் மங்கிவிட்டது. பழையபடி வருமா?

பதில்: வராது.

கேள்வி: காரைக்குடியில் பழைய பர்மா தேக்குத் தூண் விலை பேசியிருக்கிறேன். அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எனக்கும் பர்மா தேக்கு என்று சொல்லி ஒரு கதவை விற்றார்கள். பாலிஷ் தேய்ந்ததும் உள்ளே வெளிறிய ஏதோ மரம். தூணின் அடியில், பாலிஷ் படாத இடத்தில் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். தேக்கு என்றால் பொன்பழுப்பாக, விரலில் எண்ணெய்ப் பசை தட்டும், தோல் வாசனை வரும். தெரிந்த ஆசாரியைக் கூட்டிப் போவது இன்னும் நல்லது. பில்லில் ‘பர்மா தேக்கு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். அப்புறம், எந்த வீட்டுத் தூண் என்றும் கேளுங்கள். நிற்கிற வீட்டில் பங்காளிகளுக்குத் தெரியாமல் கழற்றியதாக இருந்தால் நாளை வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். அப்படி ஒரு வீட்டைக் குலைத்த தூண் எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

கேள்வி: பாட்டி வீட்டு நிலைக்கதவு, நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். சிங்கப்பூருக்கு அனுப்பலாமா?

பதில்: கூடாது. வேலைப்பாடுள்ள கதவு நூறு வருடம் தாண்டிவிட்டால், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். வயது குறைவு என்றாலும் ‘தொல்பொருள் அல்ல’ என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிய பிறகே கப்பலில் ஏற்றுங்கள்.