பள்ளியில் 22 புள்ளி, தொழிற்கல்லூரியில் பெஞ்சு: பையனுக்கு என்ன ஆச்சு?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகனுக்கு 18 வயது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உயர்நிலைப்பள்ளியில் கூடைப்பந்து அணித்தலைவன், பள்ளிகளுக்கிடையிலான பி பிரிவு ஆட்டங்களில் 20, 22 புள்ளி எடுப்பது அவனுக்குச் சாதாரணமாம். "இப்போது ஓர் ஆட்டத்தில் ஆறேழு நிமிடம்தான் இறக்குகிறார்கள். வீட்டுக்கு வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். பயிற்றுவிப்பாளர் ஓரவஞ்சனை செய்கிறாரா, இல்லை இவன் அவ்வளவுதானா? தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா? இன்னும் ஒன்றரை வருடத்தில் ராணுவத்தில் கட்டாயத் தேசிய சேவை வேறு வந்துவிடும்."

நான் திரும்ப எழுதி இன்னும் சில விவரங்கள் கேட்டேன். பிறந்தது ஜனவரி மாதம். 13 வயதிலேயே 176 சென்டிமீட்டர், இப்போது 181. பள்ளியில் எப்போதும் கூடைக்கு அடியில் நின்றுதான் ஆடினான். முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்று எப்போதாவது சொல்வான். கூடவே அவர் கைப்பேசியில் எடுத்த நாலு நிமிடக் காணொளி ஒன்றையும் அனுப்பினார், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நேரடியான பதில். உங்கள் மகன் தேங்கிவிடவில்லை, மற்றவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்த 176ஐயும் 181ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஐந்து வருடத்தில் ஐந்தே சென்டிமீட்டர். பையன்களுக்குப் பொதுவாக 13, 14 வயதில்தான் உயரம் மளமளவென்று ஏறும், சிலருக்கு 12லேயே ஏறிவிடும், சிலருக்கு 16 வரைகூட இழுக்கும். உங்கள் மகன் சீக்கிரம் வளர்ந்த ரகம். இங்கே வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியை வைத்துத்தான், ஆகவே ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, இருவருக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி. 13 வயதில் ஒரு வருடம் என்பது குரல் உடைந்தவனுக்கும் உடையாதவனுக்கும் உள்ள வித்தியாசம். அவன் கையைத் தூக்கினால் யாருக்கும் எட்டாது, பந்து கூடைக்குள் போகும், நாம் எல்லாரும் கைதட்டினோம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், குறை சொல்வதென்றால் அது எங்களைப் போன்ற பயிற்றுவிப்பாளர்கள் மேல்தான் வரவேண்டும். உயரமாக ஒரு பையன் கிடைத்தால் அவனைக் கூடைக்கு அடியில் நிறுத்தி அந்த வருடக் கோப்பையை எடுக்கப் பார்ப்போம், 18 வயதில் அவன் எந்த இடத்தில் ஆடப்போகிறான் என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. நானும் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் அணித் தேர்வில் ஒரு பையனை 'ரொம்பக் குட்டை' என்று திருப்பி அனுப்பினேன், டிசம்பர் கடைசியில் பிறந்தவன். நான்கு வருடம் கழித்து எதிரணியில் வந்து எங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு நான் தேர்வு செய்த நெட்டையன்களில் இருவர் அதற்குள் விளையாட்டையே விட்டிருந்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே கோடிக்கணக்கில் பணத்தோடு நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 2009இல் அங்குள்ள தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாவதாக அழைக்கப்பட்டவர் ஹஷீம் தபீத், தான்சானியாக்காரர், ஏழடி மூன்றங்குலம், கல்லூரியில் எதிராளிகளின் ஷாட்டுகளைத் தட்டிவிடுவதில் பெரிய பெயர். ஏழாவதாகப் போனவர் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியின் ஒல்லிப்பையன், ஸ்டீபன் கரி. தபீத் சில வருடங்களில் என்பிஏவிலிருந்தே காணாமல் போனார், கரி மூன்று புள்ளி எறிதலில் உலகப்புகழ் பெற்றார், அந்தக் கதை உங்கள் மகனுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆளைத் தெரிந்தெடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இப்படித் தடுமாறும்போது நாம் எம்மாத்திரம். உயரம் பார்த்தவுடனே கண்ணுக்குத் தெரியும், கைத்திறன் மெதுவாகத்தான் தெரியும்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. ஆண்டனி டேவிஸ் உயர்நிலைப்பள்ளியில் முதலில் பந்தைத் தட்டிக்கொண்டு போகும் கார்டாக ஆடிய பையன், அப்புறம் ஒன்றரை வருடத்துக்குள் சுமார் 20 சென்டிமீட்டர் வளர்ந்தார். குட்டையாக இருந்தபோது கற்ற கைப்பழக்கம் நெட்டையான பிறகும் கையில் இருந்தது, 2012இல் கென்டக்கி கல்லூரியோடு பட்டம் வென்று அதே வருடம் முதல் ஆளாக என்பிஏவுக்குப் போனார். உங்கள் மகனுக்கு வரிசை மாறிவிட்டது, உயரம் முதலில் வந்ததால் கை கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே வரவில்லை.

இப்போது காணொளி. வலது பக்கம், மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஓரடி உள்ளே அவனுக்குப் பந்து வருகிறது. வாங்கியவுடன் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறான், உடம்பு தானாகவே திரும்பி முதுகு கூடையைப் பார்க்கிறது. கூடைக்கு அடியில் ஆடியவனுக்கு அது சரியான பழக்கம், யாரும் பந்தைத் தட்டிப் பறிக்க முடியாது, முதுகால் தள்ளிக்கொண்டே போகலாம். ஆனால் கூடையிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி நின்று அதைச் செய்தால் எதிராளிக்குக் கொண்டாட்டம், ஒட்டிக்கொள்ள நேரம் கிடைத்துவிடுகிறது. ஒரு விநாடி, இரண்டு விநாடி, பந்து வந்த இடத்துக்கே திரும்பிப் போகிறது. நாலு நிமிடத்தில் நாலு தடவை. ஐந்தாவது தடவை சக ஆட்டக்காரன் அவனைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பந்தைப் போடுகிறான். "பந்து கைக்கு வருவதில்லை" என்று அவன் வீட்டில் சொல்வது இதைத்தான்.

181 சென்டிமீட்டர் ஆள் தொழிற்கல்லூரி அணியில் கூடைக்கு அடியில் நிற்க முடியாது, அங்கே 190க்கு மேல் இருக்கும் பையன்கள் நிற்பார்கள். வெளியே வரவேண்டும். வெளியே வந்தால் கூடையைப் பார்த்து நிற்கவேண்டும், இடது கையாலும் தட்டவேண்டும், 6.75 மீட்டர் தள்ளி இருக்கும் அந்த மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறியவேண்டும், தன்னைவிடக் குட்டையான, வேகமான ஆளைத் தற்காக்கவேண்டும். மற்றவர்கள் பத்து வயதிலிருந்து பழகிய வேலை இது, இவன் 17 வயதில் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்திருக்கிறான். ஒன்றரை வருடத்தில் பாதிதான் வந்திருக்கும், அதுவே நியாயமான வேகம் என்பேன்.

இன்னொன்றையும் பெற்றோர்கள் கணக்கில் எடுப்பதில்லை. உயர்நிலை 4இல் பி பிரிவுப் போட்டிகள் வருடத்தின் முதல் பாதியிலேயே முடிந்துவிடும், அப்புறம் பள்ளியிறுதியான சாதாரண நிலைத் தேர்வு, அப்புறம் விடுமுறை, தொழிற்கல்லூரி திறப்பது அடுத்த ஏப்ரலில். கிட்டத்தட்ட ஒரு வருடம் முழு ஆட்டம் கிடையாது. திரும்பி வரும்போது இவனுக்கு முன்னால் நிற்பவர்கள் 19, 20 வயது மூன்றாமாண்டு மாணவர்கள்.

ஓரவஞ்சனையா என்ற கேள்விக்கு வருகிறேன். இருக்கலாம், நான் அந்த அணியின் பயிற்சியைப் பார்த்ததில்லை. ஆனால் நம் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும் ஒரு சிக்கலைப் பாரபட்சம் என்று தவறாக எண்ணிவிடுவதுண்டு. நான் பழகிய அணிகள் பலவற்றில் ஆட்டத்தின் சூட்டில் வாயில் வருவது சீனம்தான். "ஹுவெய் ஃபாங்" என்று கத்தினால் ஓடிப் பின்னால் வந்து தற்காத்துக்கொள் என்று பொருள், "ஹுவான் ஃபாங்" என்றால் ஆளை மாற்றிப் பிடி. ஒரு விநாடி யோசித்துப் புரிந்துகொள்வதற்குள் எதிராளி கூடைக்கு அடியில் ஓடிவந்து பந்தைப் போட்டிருப்பான், ஓரத்தில் நிற்பவருக்கு அது கவனக்குறைவாகத்தான் தெரியும். இருபது வார்த்தை கற்றுக்கொண்டால் தீர்கிற விஷயம். என் பழைய மாணவன் ஒருவன் அணித்தோழனோடு மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டான், அதற்கு அப்புறம் அவனே எல்லாரையும்விட உரக்கக் கத்துவான். இல்லை, மொழி தெரிந்தும் ஒதுக்குகிறார்கள் என்று பட்டால் அது வேறு விஷயம், விளையாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பான ஊழியரிடம் பேசுங்கள்.

பயிற்றுவிப்பாளரிடம் மட்டும் நீங்கள் போய்ப் பேசவேண்டாம், தயவுசெய்து. 18 வயதுப் பையனுக்காக அம்மா வந்தார் என்றால் அணியில் அவன் தலை நிமிர ரொம்ப நாள் ஆகும். அவனே போகட்டும், "ஏன் என்னை இறக்குவதில்லை" என்று கேட்காமல், "பத்து நிமிடம் கிடைக்க நான் எந்த இரண்டு விஷயத்தைச் சரிசெய்யவேண்டும்" என்று கேட்கட்டும். முதல் கேள்விக்கு எந்தப் பயிற்றுவிப்பாளரும் மழுப்புவார், இரண்டாவதற்குப் பெரும்பாலும் நேராகப் பதில் வரும், அதில் ஒன்று நிச்சயம் தற்காப்பைப் பற்றி இருக்கும்.

தனிப் பயிற்சி? இப்போது வேண்டாம். கூம்புகளை வரிசையாக வைத்து அதைச் சுற்றித் தட்டிக்கொண்டு போகும் பயிற்சி பார்க்க அழகாக இருக்கும், காணொளி எடுத்துப் போடலாம், ஆனால் கூம்பு கையை நீட்டிப் பந்தைப் பறிக்காதே. இவனுக்குக் குறைவது எதிரே ஆள் நிற்கும்போது முடிவெடுக்கும் பழக்கம், அது ஆட்டத்தில்தான் வரும். வாரத்தில் இரண்டு மாலை புளோக்குக்குக் கீழே இருக்கும் கோர்ட்டிலோ சமூக மன்றத்திலோ மூவர் ஆட்டம் ஆடட்டும், முடிந்தால் தெரியாத ஆட்களோடு, தன்னைவிடப் பெரியவர்களோடு. மூவர் கூடைப்பந்தில் பாதிக் கோர்ட், 12 விநாடிக்குள் எறிந்தாகவேண்டும், பந்து கைக்கு வந்துகொண்டே இருக்கும், முதுகைத் திருப்பி நிற்க நேரமே கிடையாது. 2011இல் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆட்டத்துக்கு 28.9 புள்ளி எடுத்து முதலிடத்தில் இருந்த ஜிம்மர் ஃபிரெடெட் என்பிஏவில் சுமார் 6 புள்ளிக்கு இறங்கிப்போனார். கல்லூரியில் பந்து எப்போதும் அவர் கையில், அங்கே மற்றவர்கள் கையில். அப்புறம் சீனாவில் ஆடிக் குவித்தார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மூவர் அணியில் இருந்தார். ஒருவன் ஓரிடத்தில் எடுபடவில்லை என்பதற்கு அந்த இடமும் ஒரு காரணம். ஆகவே கழக அணி ஏதாவது ஒன்றில், கீழ்ப் பிரிவாக இருந்தாலும் சரி, 25 நிமிடம் ஆடக் கிடைத்தால் விடாதீர்கள். பெரிய அணியின் பெஞ்சில் கிடைக்கிற சட்டையைவிட அது மேல்.

தனியாகச் செய்ய ஒன்றே ஒன்று சொல்கிறேன். பந்தை வாங்கும்போதே கால் கூடையைப் பார்த்து இருக்கவேண்டும், பந்து நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே, தலைக்கு மேல் போகவே கூடாது. தங்கையோ தம்பியோ யாராவது பந்தைப் போட, வாங்கி, எறிய, தினம் நூறு. எத்தனை உள்ளே போனது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் எண்ணிக்கை குறையத்தான் செய்யும், பழைய பழக்கம் போராடும்.

அந்த முழங்கால் வலியை இத்தனை லேசாக எழுதியிருக்கிறீர்களே! சில்லுக்குக் கீழே, குதிக்கும்போது வலி என்றால் பெரும்பாலும் அங்குள்ள தசைநார் தாங்கமுடியாத சுமை. ஓய்வில்லாமல் ஆடினால் நாள்பட்டுப்போகும், முழுக்க நிறுத்திவிட்டாலும் தசைநார் பலவீனமாகும். பலதுறை மருந்தகத்தில் காட்டி இயன்மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள், அவர் குதிப்பதைக் குறைத்து, மெதுவாகச் சுமை ஏற்றும் கால் பயிற்சிகள் கொடுப்பார், சில மாதம் பிடிக்கும். வலியோடு ஆடுபவன் அரைக் குதி குதிப்பான், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சோம்பல் என்பார்கள். பயிற்றுவிப்பாளருக்கு வலியைப் பற்றிச் சொல்லியிருக்கிறானா என்று கேளுங்கள், என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வதில்லை.

தூக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த வயதில் இரவு இரண்டு மணிவரை கைப்பேசி என்பது ஊகிக்க முடியாத விஷயமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் 11 பேரைச் சில வாரங்கள் தினமும் பத்து மணிநேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள், தற்காப்பவர் இல்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோவும் மூன்று புள்ளி எறிதலும் சுமார் 9 விழுக்காடு கூடின. 2011இல் வெளிவந்த ஆய்வு. 11 பேர் சின்னக் கூட்டம், ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லை, அதனால் எண்ணை அப்படியே நம்பவேண்டாம். ஆனால் செலவே இல்லாத வைத்தியம். காலையில் வெறும் கோப்பி குடித்துவிட்டு ஓடாமல் இரண்டு முட்டையாவது சாப்பிடட்டும்.

தேசிய சேவையைப் பற்றி இப்போதே கவலைப்படாதீர்கள். இரண்டு வருடம் கோர்ட் நேரம் குறையும் என்பது உண்மை, ஆனால் அவனோடு போட்டி போடுகிற பையன்களுக்கும் அதே இரண்டு வருடம்தான். அங்கேயும் கூடைப்பந்து ஆடுகிறார்கள், உடம்பு உரம் ஏறித் திரும்புபவர்களும் உண்டு. முழங்காலை மட்டும் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள்.

அடுத்த ஆட்டத்துக்குப் போனால் இன்னொரு காணொளி எடுங்கள். புள்ளி எண்ணாதீர்கள், பந்து யார் கையில் இருந்தாலும் பரவாயில்லை, கேமராவை உங்கள் மகன் மேலேயே வையுங்கள். பந்து கையில் இல்லாத நேரத்தில் அவன் எங்கே நிற்கிறான், எதிரணி பந்தைப் பறித்ததும் முதல் மூன்று எட்டு எப்படி ஓடுகிறான் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள், மிச்சத்தை அதற்கு அப்புறம் பேசலாம்.