12 ரூபாய் மலிவா?

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு காலத்தில் 600 ரூபாய்க்கு விற்ற பங்கு ஒன்று இப்போது 12 ரூபாய். திவால் வழக்கு தீர்ப்பாயத்தில் நடக்கிறது. ஒரு பெரிய குழுமம் வாங்கப்போகிறதாம். ‘திவாலாகி மீண்ட சமையல் எண்ணெய் கம்பெனி ருச்சி சோயா மாதிரி ஏறும்’ என்கிறார் மச்சான். சீட்டு எடுத்த ஒரு லட்சம் கையில் இருக்கிறது. போடலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம்.

பெரிய குழுமம் வாங்குவது கம்பெனியைத்தான். உங்கள் பங்கை அது வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. திவாலான வீட்டுக்கடன் கம்பெனி டிஹெச்எஃப்எல் கதையைப் பாருங்கள். 2018-ல் 600 ரூபாயைத் தாண்டிய பங்கு அது. பிரமல் குழுமத்தின் சுமார் 34,250 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2021 ஜூன் 7 அன்று மும்பை தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது. நல்ல செய்தி என்று மறுநாள் பங்கு அப்பர் சர்க்யூட் (ஒரே நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு) போனது. அடுத்த சில நாட்களில் வர்த்தகமே நின்றது. பழைய பங்குகள் மொத்தமும் ரத்து, பைசா கிடையாது. அங்கே டெபாசிட் போட்டவர்கள் பலருக்கே முழுப் பணம் வரவில்லை, பங்குதாரரை யார் பார்ப்பார்கள்?

2016 திவால் சட்டப்படி கம்பெனியைக் கலைத்தால் வழக்குச் செலவு, அடமானம் வாங்கிய வங்கிகள், தொழிலாளர் பாக்கி, மற்ற கடன்காரர்கள், அரசு வரி என்று எல்லோருக்கும் கொடுத்த பிறகே சாதாரணப் பங்குதாரர் முறை. கடைசிப் பந்திக்கு உட்காருகிற மாதிரிதான். பெரும்பாலும் அதற்குள் அண்டா காலியாகியிருக்கும்.

சரி, ருச்சி சோயா? பதஞ்சலி வாங்கியபோது பழைய பங்கு 100-ஐ ஒன்றாகச் சுருக்கினார்கள். 5 ரூபாய் வீதம் 100 பங்கு வாங்கியவர் போட்டது 500 ரூபாய். 2020 ஜனவரியில் மறுபடி வர்த்தகம் தொடங்கியபோது அவர் கையில் இருந்தது சுமார் 17 ரூபாய்க்கு ஒரே ஒரு பங்கு! அப்புறம் அது ஆயிரத்தைத் தாண்டியது உண்மைதான். ஆனால் பொதுமக்களிடம் இருந்தது ஏறக்குறைய ஒரு சதவீதப் பங்கு மட்டுமே. விற்க ஆளில்லாததால் ஏறிய ஏற்றம் அது. உங்கள் மச்சான் காட்டும் சார்ட்டில் இது தெரியாது.

தப்பித்து வெளியே வருவதும் லேசில்லை. லோயர் சர்க்யூட் (ஒரே நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி வரம்பு) விழுந்தால் விற்கும் ஆர்டர்கள் வரிசையில் நிற்கும், வாங்க ஒருவரும் வரமாட்டார். நீங்களோ சீட்டுத் தவணையை மாதாமாதம் கட்டியாக வேண்டும்.

மச்சான் விடாப்பிடியாக நின்றால், அந்தக் கம்பெனி பங்குச்சந்தைக்குக் கொடுத்த அறிவிப்புகளை எடுத்து, பழைய பங்குகளை என்ன செய்யப்போகிறார்கள் என்று எழுதியிருக்கும் வரியைக் காட்டச் சொல்லுங்கள்.